மருத்துவர்தம் ஆசான்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. எல்லாக் கல்விக்கும் பொருந்தும் இம்மொழி, மருத்துவக் கல்விக்குப் பெரிதும் பொருந்துவதாகும். எழுதுவோன் பிழைபட எழுதினால் அடித்துத் திருத்தலாம். கணக்குப் போடுவோன் தவறினால் அழித்து மீண்டும் போடலாம். மருத்துவன் தவறினாலோ, அத்தவற்றின் பயனைத் துய்ப்பது மற்றோர் உயிர். அவ்வுயிர் பிரிந்த பின்னர் அழித்து எழுதுதற்கு இடமில்லை.

அங்ஙனமாயின், நேற்றுப் பட்டம் பெற்று இன்று நோயாளியின் முன் நிற்கும் இளைய மருத்துவர் எவரிடம் தொழில் பழகுவது? தம் கையால் நேர்ந்த பிழையை எங்ஙனம் எதிர்கொள்வது? இவ்விரு வினாக்களுக்கும் தம் வாழ்வையே விடையாக அளித்துச் சென்றார் ஒரு பெரியார். அவரே வில்லியம் ஆஸ்லர்.

மூன்று ஆசான்கள்

ஆஸ்லர், 1849ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள், கனடா நாட்டில் பாண்டு ஹெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் கிறித்துவ சமய குரு. தந்தையின் வழியே தாமும் சமயப் பணி ஆற்ற வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே ஆஸ்லர் கல்லூரியிற் புகுந்தார். ஆயினும், அவர்தம் உள்ளத்தில் வேறொரு விதையை முன்னரே விதைத்திருந்தார் ஓர் ஆசிரியர்.

அவ்வாசிரியர் வெஸ்டன் என்னும் ஊரில் பள்ளி நடத்திய ஜான்சன் பாதிரியார். அவர் மாணவரை வகுப்பறைக்குள் அடைத்து வைப்பவர் அல்லர். குளக்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்வார். குளத்து நீரில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ‘இதனுள் உலவும் உயிர்களைப் பார்’ என்று காட்டுவார். பாறையில் பதிந்த பழைய உயிர்களின் சுவடுகளைத் தேடித் திரட்டச் செய்வார். கேட்டதை நம்புதலினும் கண்டதை ஆராய்தல் சிறந்தது என்னும் பாடத்தை ஆஸ்லர் பெற்றது இவரிடத்தேயாம்.

டொரண்டோ நகரில் ஜேம்சு பொவெல் என்னும் மருத்துவர் அவருக்கு இரண்டாம் ஆசானாக வாய்த்தார். பொவெல் தம் நூல்நிலையத்தை இளைஞருக்குத் திறந்துவிட்டார். 1868ஆம் ஆண்டில் ஆஸ்லர் சமயக் கல்வியை விடுத்து மருத்துவக் கல்வியை மேற்கொண்டார். பின்னர் 1870இல் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே பாமர் ஹோவர்டு என்னும் பேராசிரியர் அவருக்கு மூன்றாம் ஆசானானார். 1872இல் ஆஸ்லர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1892இல், ஆஸ்லர் மருத்துவப் பெருநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். உலகெங்கும் மருத்துவ மாணவர் பல ஆண்டுகள் விரும்பிப் பயின்ற நூல் அது. அந்நூலை அவர் செல்வர்க்கோ ஆட்சியாளர்க்கோ உரிமையாக்கவில்லை. ஜான்சன், பொவெல், ஹோவர்டு என்னும் மூவர் பெயரையும் முகப்பிற் பொறித்து, அவர்தம் நினைவுக்கே உரிமையாக்கினார். ஆசிரியர் இயல்பு இன்னது, மாணாக்கர் இயல்பு இன்னது என வகுத்துரைத்த பின்னரே நூலுட் புகுவது நம் நன்னூல். அதன் ஆசிரியராகிய பவணந்தியார் இவர்களைக் கண்டிருப்பின், நல்லாசிரியர்க்கும் நன்மாணாக்கர்க்கும் சான்றாகக் காட்டி மகிழ்ந்திருப்பார் அன்றோ!

பிணவறை புகட்டிய பாடம்

பட்டம் பெற்றதும் ஆஸ்லர் தொழில் தொடங்கிப் பொருளீட்ட முனையவில்லை. இரண்டாண்டுகள் இலண்டன், பெர்லின், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆங்காங்குள்ள பேரறிஞரிடம் பயின்றார். 1874இல் மெக்கில் பல்கலைக்கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அக்காலத்தே மாண்ட்ரியல் பொது மருத்துவமனையில் பெரியம்மை நோயாளர்க்கெனத் தனிக் கூடம் ஒன்று இருந்தது. பிறர் அஞ்சும் அப்பணியை ஆஸ்லர் ஏற்றார். அவருக்கும் அந்நோய் கண்டது. நற்பேறாகச் சிறிய அளவிற் கண்டு நீங்கிற்று. அப்பணிக்குக் கிடைத்த ஊதியத்தை அவர் என் செய்தார்? தம் மாணவர் பயிலுதற்கு நுண்ணோக்கிகளை வாங்கினார். குளத்து நீரைத் தமக்குக் காட்டிய ஆசிரியரின் கடனை அவர் அடைத்த முறை அதுவாம்.

மருத்துவமனையில் இறந்தோர் உடலைத் திறந்து ஆராயும் பணியையும் அவர் விரும்பி மேற்கொண்டார். மாண்ட்ரியலில் மட்டும் 700க்கும் மேற்பட்ட உடல்களை ஆராய்ந்து, கண்டவற்றைத் தம் கையாலேயே ஏடுகளில் எழுதி வைத்தார். இஃது அருவருக்கத்தக்க பணியன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆஸ்லருக்கு அவ்வறை பள்ளிக்கூடமாக இருந்தது. ‘இந்நோயாளிக்கு இன்ன நோய்’ என்று உயிரோடிருந்தபோது மருத்துவர் துணிந்து கூறியிருப்பர். இறந்த பின்னர் உடலைத் திறந்து பார்த்தால், உண்மை வேறாக இருக்கும். அந்நொடியில் மருத்துவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, உடலை மூடிவிட்டு மறந்து போதல். மற்றொன்று, ‘எவ்விடத்தில் தவறினேன்? எக்குறியைக் கண்டும் காணாது விட்டேன்?’ என்று தம்மைத் தாமே வினவுதல். ஆஸ்லர் இரண்டாம் வழியையே பற்றினார்.

இதயத்தின் உட்புறத்தைப் பற்றும் கொடிய அழற்சி நோய் ஒன்று உண்டு. அந்நோய் சிலரிடம் டைபாய்டு காய்ச்சல் போலத் தோன்றும்; சிலரிடம் விட்டுவிட்டு வரும் மலேரியாக் காய்ச்சல் போலத் தோன்றும். ஆதலின் மருத்துவர் பலர் ஏமாந்தனர். பிணவறையிற் கண்ட உண்மைகளை நோயாளி உயிரோடிருந்தபோது தோன்றிய குறிகளோடு ஒப்பிட்டு, அந்நோயின் இயல்பை ஆஸ்லர் தெளிந்தார். 1885இல் இலண்டன் மாநகரில் மருத்துவர் பேரவையின் முன்னர் அதனை விரித்துரைத்தார். பிழையை மறைத்திருப்பின் அவ்வறிவு தோன்றியிராது.

கண்டபின் மாறிய உள்ளம்

பிறர் பிழையை ஆராய்தல் எளிது. தம் பிழையை அவையறிய ஒப்புக்கொள்ளுதல் அரிது. அவ்வரிய செயலையும் ஆஸ்லர் செய்தார்.

லாவரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர், 1880இல் அல்சீரியா நாட்டில், மலேரியா நோயாளியின் குருதியில் நுண்ணுயிர்கள் உலவுவதைக் கண்டு அறிவித்தார். அக்கண்டுபிடிப்பை அறிஞர் பலர் ஐயுற்றனர். அப்போது பிலடெல்பியா நகரில் பேராசிரியராய் இருந்த ஆஸ்லரும் ஐயுற்றவருள் ஒருவரே. 1886இல் அறிஞர் கூட்டத்தில் அவ்வையத்தை அவர் வெளிப்படையாகவே கூறினார். ஆனால், ஐயம் கூறியதோடு அவர் அமைந்துவிடவில்லை. நோயாளர் பலரின் குருதியைத் தாமே எடுத்து நுண்ணோக்கியில் நோக்கினார். லாவரான் கூறியவை அங்கே இருந்தன. அவ்வாண்டு முடியும் முன்னரே, தாம் முன்னர் ஐயுற்றது தவறு என்பதை அவர் அறிஞர் முன்னிலையில் வெளியிட்டார். பின்னர்த் தம் மாணவர்க்கெல்லாம், காய்ச்சலோடு வருவோர் குருதியை நுண்ணோக்கியிற் காணாது மலேரியா எனக் கூறற்க என்று வற்புறுத்தி வந்தார்.

கருத்தை மாற்றிக்கொண்டமையால் ஆஸ்லரின் புகழ் குன்றவில்லை. ‘உண்மை கண்டால் இவர் பணிவார்’ என்னும் நம்பிக்கை வளர்ந்தது. ஆசிரியர் பணியக் கண்ட மாணவர் தாமும் பணியக் கற்றனர்.

நோயாளி அருகே வகுப்பு

அந்நாளில் அமெரிக்க நாட்டு மருத்துவப் பள்ளிகள் பலவற்றின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. மாணவர் பெருந்திரளாக அமர்ந்து சொற்பொழிவு கேட்பர், கேட்டதை எழுதித் தேர்வில் வெல்வர், பட்டம் பெறுவர். நோயாளி ஒருவரின் நாடியைத் தாமே பற்றிப் பாராமல் மருத்துவர் ஆனோரும் அவருள் உண்டு. அவர்கள் கற்கத் தொடங்கியது பட்டம் பெற்ற பின்னரே. அதுவும் திருத்துவார் எவருமின்றி. அவர்கள் கற்றுக்கொள்ள விலை கொடுத்தவர் நோயாளர்.

1889ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதன் தலைமை மருத்துவராக ஆஸ்லர் அமர்ந்தார். 1893இல் அங்கே மருத்துவப் பள்ளியும் தொடங்கிற்று. ஆடவரோடு மகளிரையும் ஒப்பச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. ஆஸ்லர் வகுப்பறையை விட்டு மாணவரை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றார்.

ஒவ்வொரு மாணவர்க்கும் சில படுக்கைகள் பொறுப்பாக அளிக்கப்பெற்றன. அப்படுக்கையில் உள்ளவரின் வரலாற்றைக் கேட்டெழுதுதல், உடலை ஆராய்தல், குருதியையும் சிறுநீரையும் சோதித்தல், நாள்தோறும் நேரும் மாற்றங்களைக் குறித்தல் ஆகிய அனைத்தும் அம்மாணவரின் கடமை. காலையில் ஆஸ்லர் வருவார். நோயாளியிடம் அன்போடு இரண்டொரு சொல் பேசி அவர் அச்சத்தைப் போக்குவார். பின்னர் மாணவரை நோக்கி, ‘நீர் கண்டது யாது?’ என்பார். விடையைத் தாமே கூறிவிடமாட்டார். முதலிற் கண்ணாற் காணச் செய்வார். பின்னர்க் கையால் தொட்டறியச் செய்வார். அதன் பின்னரே செவியால் கேட்கச் செய்வார். அறியாதவற்றை ‘அறியேன்’ என்று கூறும் மாணவரை அவர் இகழமாட்டார். அறியாததை அறிந்ததாகக் காட்டுவோரையே திருத்துவார். நுரையீரல் அழற்சி போன்ற கடுநோய்களுக்கு மாணவர் குழுக்களை அமைத்து, வந்த நோயாளர் எத்தகையர், பிழைத்தோர் யாவர், இறந்தோர் யாவர் எனத் தொகுத்து அவையில் அறிவிக்கச் செய்வார்.

பட்டம் பெற்றோர்க்கும் அங்கே கல்வி முடிவதில்லை. அவருள் சிலர் மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தோர் மேற்பார்வையிற் பணியாற்றினர். அவர் உறைவிட மருத்துவர் எனப்பட்டனர். மூத்தவர் இளையவர்க்குக் கற்பிப்பார். இளையவர் தமக்கும் இளையராகிய மாணவர்க்குக் கற்பிப்பார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினாற்போல அறிவு தொடர்ந்தது. இடரான வேளையில் இளையவர் தனித்து நிற்கவில்லை. திரும்பி நோக்கின் ஒரு மூத்தவர் அருகிருந்தார்.

மூன்று பகுப்பு

ஆஸ்லர் தம் மாணவர்க்குக் கூறிய அறிவுரைகள் பல. அவற்றுள் தலையாயது ஒன்றுண்டு. மருத்துவர் தாம் கண்ட நோயாளரைப் பற்றிய குறிப்புகளை மூன்று பகுப்பாகப் பிரித்து வைத்தல் வேண்டும் என்றார் அவர். தெளிவாக அறிந்தவை ஒரு பகுப்பு. ஐயத்திற்கு இடமானவை மற்றொரு பகுப்பு. தாம் பிழைபட்டவை மூன்றாம் பகுப்பு. இவ்வழக்கத்தை இளமையிலேயே தொடங்குதல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

முதற்பகுப்பு எவர்க்கும் இனியது. இரண்டாம் பகுப்பு அறிவுடையார்க்கு இனியது. மூன்றாம் பகுப்போ நெஞ்சைச் சுடுவது. தம் பிழையைத் தம் கையாலேயே எழுதி, அதனைத் திங்கள்தோறும் எடுத்து நோக்குதல் எளிய செயலன்று. ஆயினும், மறந்த பிழை மீண்டும் வரும். எழுதிய பிழை வழிகாட்டியாய் நிற்கும். பிறர் குறைக்கு இரங்குக. தம் குறைக்கு இரங்கற்க என்பதே ஆஸ்லர் காட்டிய நெறி.

இந்நெறியால் இளைய மருத்துவர் உள்ளம் சோர்ந்துவிடாதோ எனக் கேட்கலாம். தனித்திருந்து பிழையை எண்ணுவோர் சோர்வர். அன்புடைய ஆசானோடு இருந்து எண்ணுவோர் தெளிவர். ஆதலின் குறிப்பேடும் வேண்டும். குறிப்பேட்டைக் கூசாது காட்டுதற்கு ஓர் ஆசானும் வேண்டும்.

திறந்த கதவு

அத்தகைய ஆசானாகவே ஆஸ்லர் விளங்கினார். சனிக்கிழமை மாலைகளில் மாணவர் சிலர் அவர் இல்லத்தில் கூடுவர். அவ்வாரம் கண்ட நோயாளரைப் பற்றி உரையாடல் நிகழும். இன்னது விளங்கவில்லை, இவ்விடத்தில் இடர்ப்பட்டேன் என ஒவ்வொருவரும் மனந்திறந்து கூறுவர். பின்னர் ஆஸ்லர் தம் பேழையிலிருந்து பழைய நூல்களை எடுத்துக் காட்டி, முன்னோர் உண்மையைத் தேடிய வரலாற்றைக் கூறுவார்.

அண்டை வீட்டில் இளைய மருத்துவர் சிலர் குடியிருந்தனர். அவர்கள் எவ்வேளையிலும் வந்து தம் நூல்நிலையத்தைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு, தம் வீட்டுக் கதவின் திறவுகோலையே ஆஸ்லர் அவர்கட்கு அளித்திருந்தார். பொவெல் அன்று தமக்குத் திறந்த கதவை அவர் இன்று பிறர்க்குத் திறந்து வைத்தார். அத்திறவுகோல் பெற்றவருள் ஹார்வி குஷிங் என்பவரும் ஒருவர். அவரே பிற்காலத்தில் மூளை அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார்.

துயரமும் துணையும்

1905இல் ஆஸ்லர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கும் அவர் இல்லம் இளைஞர்க்கு அடையா வாயிலாகவே விளங்கிற்று. 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அவருடைய ஒரே மகன் ரெவீர், பீரங்கிப் படையில் சேர்ந்து போர்க்களம் புகுந்தான்.

1917ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பெல்சிய நாட்டுப் போர்முனையில் குண்டு பாய்ந்து ரெவீர் வீழ்ந்தான். செய்தி, அருகே மற்றொரு படை மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்த குஷிங்குக்கு எட்டிற்று. இரவோடிரவாக அவர் விரைந்து வந்தார். ஆஸ்லரின் அன்பிற்குரிய அமெரிக்க அறுவை மருத்துவர் வேறு சிலரும் வந்து சேர்ந்தனர். அறிந்த வழியெல்லாம் முயன்றனர். ஆயினும் 30ஆம் நாள் விடியலில் இளைஞன் உயிர் நீங்கிற்று. அவனுக்கு வயது 21. அடக்கம் செய்த இடத்தில் குஷிங்கும் நின்றார்.

எத்துணைக் கற்றாலும் மருத்துவரால் இயலாதது உண்டு என்பதை அவ்விரவு காட்டிற்று. எனினும், கடல் கடந்த களத்தில், தந்தை அருகில் இல்லாத மகனின் படுக்கையருகே, அத்தந்தையிடம் பழகியவர் நின்றனர். ஆசிரியர் விதைத்த அன்பு அங்ஙனம் திரும்பி வந்தது. துயரம் நெஞ்சை அறுக்கவும், ஆஸ்லர் தம் கடமையை விடவில்லை. இளைஞர்க்குத் திறந்த கதவையும் அடைக்கவில்லை.

இறுதிப் பாடம்

1919ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்லர் நுரையீரல் நோயால் படுக்கையுற்றார். தம் நோயின் போக்கைத் தாமே கூர்ந்து நோக்கிக் குறித்தும் வந்தார். இந்நோயாளியின் உடலைத் திறந்து ஆராயும்போது உடனிருந்து காணும் பேறு தமக்கு வாய்க்காதே என நகையாடினார் என்பர். டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவருடலும் ஆராயப்பெற்றது. வாழ்நாளெல்லாம் கற்பித்தவர், இறந்தும் ஒரு பாடமானார்.

அவர் தேடித் திரட்டிய ஏறத்தாழ 8,000 நூல்கள், தாம் பயின்ற மெக்கில் பல்கலைக்கழகத்திற்கே சென்றன. அந்நூல்களின் நடுவே அவர் உடற்சாம்பலும் வைக்கப்பெற்றுள்ளது. குஷிங் தம் ஆசானின் வரலாற்றை 1925இல் பெருநூலாக எழுதி வெளியிட்டார்; அடுத்த ஆண்டில் அது புலிட்சர் பரிசு பெற்றது.

பட்டம் பெற்றோர் மூத்தோர் மேற்பார்வையில் மருத்துவமனையிற் பணியாற்றிப் பழகும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டிலும் மருத்துவம் பயில்வோர் இறுதியில் ஓராண்டு அவ்வாறு பயிற்சி பெற்ற பின்னரே தனித்துத் தொழில் செய்யலாம். நேர்ந்த இறப்புகளையும் சிக்கல்களையும் மருத்துவர் ஒன்றுகூடி ஒளிவு மறைவின்றி ஆராயும் கூட்டங்களும் பல மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. அக்கூட்டத்தில் ஓர் இளைய மருத்துவர் எழுந்து, ‘இவ்விடத்தில் நான் தவறினேன்’ என்று கூறுவாராயின், அவர் இன்னும் காணாத ஒரு நோயாளியின் உயிரை அன்றே காத்தவராகிறார்.

இந்நெறி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. விடைத்தாள் திரும்பி வருங்கால், மதிப்பெண்ணை மட்டும் நோக்கி அதனை மடித்து வைப்போர் பலர். பிழைபட்ட இடத்தைத் தேடி நோக்கி, ‘ஏன் பிழைத்தேன்?’ என்று வினவுவோர் சிலர். அச்சிலருக்கே அடுத்த தேர்வு எளிதாகும், வாழ்வும் எளிதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஆஸ்லரின் ஆசான்கள் மூவர் யாவர்? அவர்களிடம் அவர் பெற்றவை யாவை?
2. பிணவறையை ஆஸ்லர் எங்ஙனம் பள்ளியாக்கிக்கொண்டார்?
3. லாவரானின் கண்டுபிடிப்பைப் பற்றி ஆஸ்லர் தம் கருத்தை மாற்றிக்கொண்ட வரலாற்றை எழுதுக.
4. ‘மூன்று பகுப்பு’ என்பதை விளக்குக. அதனை உங்கள் கல்விக்கு எங்ஙனம் பயன்படுத்துவீர்கள்?
5. ‘மறந்த பிழை மீண்டும் வரும், எழுதிய பிழை வழிகாட்டியாய் நிற்கும்’ என்பது பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.